ஐயுறுவார் நாத்திகரோ?

சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பட்டாசு ஆலையொன்றில் எழுந்த தீக்கு 30-க்கு மேற்பட்டோர் இரையாயினர். இத்தகைய தீயில் மகனை இழந்த தாயொருத்தி, "இறைவன் உளனோ, இலனோ, அறியேன்" என்று விளக்கேற்றாது இருப்பின், அவளை நாத்திகியென வைது உறவறுக்கும் சைவரும் உளர். அவர் தம் நூலையே அறியார்.

மரமோ மனிதனோ எனத் துணியாது நிற்பது ஐயம். பழுதையைப் பாம்பெனத் துணிவது திரிபு. இவ்விரண்டையும் சித்தாந்த அளவையியல் வேறு வேறாக வகுத்தது. இலனென்றே சாதித்த உலகாயதனையும் அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தில் முதற்கண் பேசவிட்டுப் பின்னரே மறுத்தார். மறுப்பானுக்கு ஈந்த செவியை ஐயுறுவாளுக்கு ஈயாமை எந்நெறி?

'எல்லாம் வினைப்பயன்' என்பாரும் உளர். தன் துன்பத்தைப் பொறுத்தற்குரிய கொள்கையைப் பிறரது வெந்த புண்ணில் வேலாக்குதல் சைவமன்று. முதற்கண் அவள் சொல்லைக் கேட்க. அவளுடன் இருந்து உண்க. விடை பின்னர்க் கூறுக.