பாலையிற் பசும்புல்

கோல்ப் விளையாட்டைச் செல்வர்களின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர். அவர்களும் அறிந்து சுவைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அவ்விளையாட்டு மணலிலே பிறந்தது. ஸ்கொட்லாந்து நாட்டின் கிழக்குக் கரையில், கடலுக்கும் கழனிக்கும் இடையே, உழவுக்கு உதவாத மணற்றிடர்கள் பரந்து கிடந்தன. மழையும் கடற்காற்றும் அவற்றின்மீது குறும்புல்லை வளர்த்தன. ஆடுகளும் முயல்களும் அதனைக் கறித்துச் சமன்செய்தன. குளிர்காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களே பின்னாளில் ஆடுகளத்தின் மணற்குழிகளாயின என்று கூறுவர். மனிதன் செய்ததெல்லாம் கோலையும் பந்தையும் அங்கே கொண்டு சென்றது மாத்திரமே. எவரும் அந்நிலத்துக்குக் குடத்தில் நீர் சுமக்கவில்லை.

அந்த விளையாட்டு இன்று பாலைவனத்தினுள்ளும் புகுந்து பச்சைக்கம்பளம் விரித்து அமர்ந்திருக்கின்றது. அதனைக் கண்டு களிக்கும் வாய்ப்பு, அமெரிக்கப் பிரயாணமொன்றின்போது எமக்குக் கிட்டியது. அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் மாநகரை அடுத்துள்ள ஸ்கொட்ஸ்டேல் என்னும் ஊரில் எம் மைத்துனர் வாழ்கின்றார். அவர் ஒருநாட் காலை எம்மை ட்ரூன் நோர்த் ஆடுகளத்துக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள இரு களங்களுள் ‘மொனியுமென்ற்’ எனப்படுவது 1990ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதனை அமைத்த இருவருள் ஒருவரான ரொம் வைஸ்கொப், 1973இல் ஸ்கொட்லாந்தின் ட்ரூன் களத்திலே பிரித்தானியத் திறந்த போட்டியில் வாகை சூடியவர், 2022இல் காலமானார். மற்றவர் ஜே மொரிஷ்.

பாலைவனம் என்றவுடன் அலையலையாய் மணல் கிடக்கும் அரேபியக் காட்சியே நம் மனக்கண்ணில் தோன்றும். அரிசோனாவின் சொனோரப் பாலை அத்தகையதன்று. அங்கே செந்நிறக் கற்பாறைகள் ஒன்றன்மேலொன்றாக ஏறி நிற்கின்றன. பாறைகளுக்கிடையே சவாரோ என்னும் பெருங்கள்ளிகள், கையுயர்த்திய மாந்தரைப்போல் நிரைநிரையாக நிற்கின்றன. இக்கள்ளி 40 அடி வரை உயரும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆயினும் முளைத்த முதல் எட்டு ஆண்டுகளில் அது ஓரிரு அங்குலமே வளர்கின்றது. பக்கக்கிளை தோன்ற ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும். மரங்கொத்திகள் அதனைத் துளைத்துக் கூடமைக்கின்றன. கள்ளியோ அத்துளையின் உட்புறத்தைத் தடித்த தோலால் மூடித் தன் நீர் வடியாது காத்துக்கொள்கின்றது. ஒரு துளி நீரையும் வீணாக்காத இந்தச் சிக்கனத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

இவ்வனத்தின் நடுவே ஆடுகளம் தொடர்ந்த புல்வெளியாக இல்லை. பந்தை முதன்முறை அடிக்கும் மேடை ஒரு தீவு. பந்து விழவேண்டிய புற்றரை மற்றொரு தீவு. கொடி நாட்டிய குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான தரை இன்னுமொரு தீவு. இடையே கல்லும் முள்ளும் காட்டுச்செடியும். ஒரு குழிக்குச் செல்லும் வழியின் நடுவே, வீடளவு பெரிய பாறை ஒன்றை அகற்றாது அப்படியே விட்டிருக்கின்றார்கள். களத்தின் பெயர் அப்பாறையிலிருந்து வந்ததே. இயற்கையைப் பெயர்க்காமல் அதற்கு வழிவிட்டு விளையாடும் இம்முறை எமக்கு மிகவும் பிடித்தது.

புல்லைத் தவறவிட்ட பந்து முள்ளினுள் உருண்டோடிவிடும். அங்கிருந்து அடிக்க இயலாதென ஆட்டக்காரர் தீர்மானித்தால், ஓர் அடியைத் தண்டமாகக் கணக்கிலே சேர்த்துக்கொண்டு, இரண்டு கோல் நீளத்துக்குள், குழிக்குக் கிட்டாத இடத்திற் பந்தை இடலாம். மைத்துனரின் பந்து அவ்விதமே ‘சொய்யா’ என்னும் கள்ளிப்புதரில் அகப்பட்டது. பார்வைக்குக் கரடிப்பொம்மைபோல் மென்மையாகத் தோன்றும் அக்கள்ளியின் துண்டுகள், சற்றே தீண்டினாலும் பாய்ந்து பற்றியவைபோல் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்துக்கொடுக்க யாம் குனிந்தபோது, “அத்தான், கையை நீட்டவேண்டாம்” என்று தடுத்து, அவர் தம் பையிலிருந்து தலைவாரும் சீப்பு ஒன்றை எடுத்தார். முட்டுண்டை உடம்பில் ஒட்டினால் விரலாற் பிடுங்கலாகாதாம். சீப்பினாலே நெம்பி எறியவேண்டுமாம். கோலும் பந்தும் போலவே சீப்பும் அந்நாட்டு ஆட்டக்காரரின் ஆயுதங்களுள் ஒன்று.

ஞாயிறு ஏற ஏறப் பாறைகள் செம்மையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறின. காடைக்கூட்டம் ஒன்று வரிசையாகக் குறுக்கே நடந்து மறைந்தது. பின்னணியில் பினக்கிள் பீக் என்னும் கூர்ங்குன்று நீலவானைக் குத்தி நின்றது. இத்தனைக்கும் நடுவே அந்தப் புல்லின் பச்சை! கண்ணைப் பறிக்கும் அப்பச்சையை நோக்கி நின்றபோதுதான் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. இதற்கு நீர் எங்கிருந்து வருகின்றது?

பீனிக்ஸ் நகரின் வருடச் சராசரி மழை 8 அங்குலத்துக்கும் குறைவு. 2023ஆம் ஆண்டுக் கோடையில், தொடர்ந்து 31 நாட்கள் அங்கு வெப்பம் 110 பாகை பரனைற்றை எட்டியது அல்லது கடந்தது. எனினும் அந்நிலத்தின் மாந்தர் நீரின் அருமையைத் தொன்றுதொட்டு அறிந்தவர்களே. ஹொஹொகம் என்று இன்று பெயர்பெறும் பழங்குடியினர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நூற்றுக்கணக்கான மைல் நீள வாய்க்கால்களைக் கையால் வெட்டிப் பயிர் விளைத்தனர். 1860களில் வந்து குடியேறியோர் அப்பழைய வாய்க்காலின் தடத்தையே பின்பற்றி நீர் பாய்ச்சினர். அழிந்ததொரு நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழும் ஊர் என்னும் கருத்திலேயே, சாம்பலிலிருந்து உயிர்த்தெழும் பறவையின் பெயர் அதற்கு வாய்த்தது.

இன்றைய நகரங்கள் நிலத்தடி நீரையும் ஆறுகளையும் நம்பி வாழ்கின்றன. கொலராடோ நதியின் நீரை 336 மைல் தூரம் பாலையினூடே ஏற்றிக் கொணரும் பெருங்கால்வாய், 1973 முதல் 1993 வரை இருபதாண்டு முயற்சியால் அமைந்தது. நிலத்தடி நீர் வற்றுவதைக் கண்ட மாநிலம் 1980இல் அதனைக் காக்கச் சட்டமியற்றியது. அச்சட்டத்தின் வழிவந்த விதிகள், பதினெட்டுக் குழிகள் கொண்ட புதிய ஆடுகளத்துக்கு ஏறத்தாழ 90 ஏக்கர் புல்லுக்கே நீரை அளந்து வழங்கின. நாம் கண்ட தீவுக்காட்சி கலைஞரின் கற்பனையால் மாத்திரம் விளைந்ததன்று. அதில் கணக்கரின் கையும் உண்டு.

ஆனால் நதியே மெலிந்துவிட்டது. 2021 ஓகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் கொலராடோவில் நீர்ப்பற்றாக்குறை நேர்ந்ததென முதன்முறையாகப் பிரகடனம் செய்தது. அதனால் 2022இல் அரிசோனா அந்நதியிலிருந்து பெறும் பங்கில் ஐந்திலொன்றுக்குச் சற்றுக் குறைவான பகுதியை இழந்தது. ஸ்கொட்ஸ்டேலின் எல்லைக்கு வெளியே ரியோ வேர்டே அடிவாரம் என்றொரு குடியிருப்பு உண்டு. அங்குப் பல நூறு வீடுகளுக்குப் பவுசர்களில் ஏற்றிச் சென்ற நகர நீரே ஆதாரமாயிருந்தது. 2023 ஜனவரி 1ஆந் தேதி, எம் குடிமக்களுக்கே முதலிடம் என்று கூறி நகரசபை அந்நீரை நிறுத்திவிட்டது. குடும்பங்கள் மழைநீரை வாளியில் ஏந்தின. உண்ட கலத்தைக் கழுவவும் தயங்கின. அவ்வாண்டிலேயே சட்டசபை தற்காலிக ஏற்பாடொன்றுக்கு வழிசெய்தது என்பது ஆறுதல். எனினும், குழாய் வறண்ட வீட்டுக்கும் பசும்புல் செழித்த களத்துக்கும் இடையே சில மைல் தூரமே இருந்தது என்பதை மறத்தல் இயலாது.

ஆடுகளத்தாரின் நியாயத்தையும் கேட்கவேண்டும். வடபகுதிக் களங்கள் பலவற்றுக்குப் பாய்வது, வீடுகளிலிருந்து கழிந்து சுத்திகரிக்கப்பட்ட நீரே. களங்களை நம்பிப் பிழைக்கும் தோட்டத் தொழிலாளரும் சமையற்காரரும் ஏராளம். இவற்றையெல்லாம் எம் மைத்துனர் எடுத்துரைத்தார், அவை மெய்யே. ஆயினும் கழிவுநீரை மேலுந் தூயதாக்கிக் குடிநீராகவே மாற்றும் நுட்பம் இன்று கைகூடிவிட்டது. ஆகவே ‘வீணான நீர்தானே’ என்னும் சமாதானம் நெடுநாள் நில்லாது.

இதிலொரு விந்தையும் உண்டு. அங்கு வளரும் பெர்மியூடாப் புல், குளிர்காலத்தில் உறங்கிப் பழுப்பு நிறமடையும். உல்லாசப் பிரயாணிகள் வருவதோ அக்குளிர்காலத்திலேதான். எனவே இலையுதிர்காலத்தில் அதன்மேல் வேறொரு புல்விதையைத் தூவி, மிகுதியாக நீர் பாய்ச்சி, பச்சையை வருவிக்கின்றனர். பந்து உருள்வதற்குப் பழுப்புப் புல்லே போதும். பச்சை வேண்டியிருப்பது பந்துக்கன்று, வந்தவரின் கண்ணுக்கு. பாலையின் பிராணிகளும் அதனை அறிந்துகொண்டன போலும்! 2023 ஒக்டோபரில் செடோனா நகரருகே, பன்றியை ஒத்த ஜவலினாக் கூட்டம் புழுத் தேடி வந்து, ஈரமான ஆடுகளமொன்றை ஏர் உழுததுபோல் கிளறிச் சென்றது.

புல்லில்லாமலும் இவ்விளையாட்டு நடைபெறும் என்பதற்குச் சான்றுண்டு. தென் அவுஸ்திரேலியாவில் ஓப்பல் மணி அகழும் கூபர் பீடி என்னும் ஊரின் களத்திலே ஒரு புல்லும் இல்லை. ஆட்டக்காரர் சிறு புற்றுண்டு ஒன்றைக் கையோடு கொண்டுசென்று, அதன்மீது பந்தை வைத்து அடிக்கின்றனர். குழியைச் சூழ்ந்த இடம் எண்ணெய் கலந்த மணல். பகலின் வெப்பம் தாங்காதபோது, ஒளிரும் பந்துகளைக் கொண்டு இரவில் ஆடுகின்றனர். கோல்பின் தாயகமான சென் அன்ட்ரூஸ், இந்தப் புல்லற்ற கழகத்தின் அங்கத்தவருக்குத் தன் களத்தில் ஆடும் உரிமை அளித்து மதித்திருக்கின்றது. மணலிலே பிறந்த ஆட்டம் மணலை இழிவாக நினைக்கவில்லை.

விருந்தினர் விரும்புவதையே வீட்டுக்காரர் சமைப்பார். பழுப்புத்தரையைக் கண்டு முகஞ்சுளிக்கும் பிரயாணி உள்ளவரை, நதியின் நீர் அவர் கண்ணுக்கு விருந்தாய்ப் பாய்ந்துகொண்டேயிருக்கும். நேயர்களுள் எவரேனும் அத்திசை செல்ல நேர்ந்தால், அக்களத்தில் ஆடி மகிழுங்கள். காண்பதற்கரிய காட்சி அது. புல் பழுத்திருந்தால் குறைகூறாது, நன்றென்று சொல்லி வாருங்கள். எட்டு ஆண்டுகளில் ஓரிரு அங்குலம் வளரும் கள்ளியின் அழகைக் காணவே அத்தனை தூரம் செல்கின்றோம். அதனருகே நின்று அவசரப் பச்சையைக் கேட்பது விருந்தினர்க்கு அழகன்று.