வில்லன் திருந்துவது எப்போது?



விண்வெளித் தொடர்களைப் பற்றி இரசிகர்கள் பேசத் தொடங்கினால் இரண்டு வழக்குகள் தவறாமல் எழும். ஒன்று கதையின் தர்க்கம்: இந்தப் பாத்திரம் இப்படி நடந்திருக்குமா? முன்பு காட்டியதும் பின்பு காட்டியதும் பொருந்துகின்றனவா? மற்றொன்று வில்லனின் மீட்சி: இத்தனை கொடுமை செய்தவனைத் திருந்தியவனாகக் காட்டுவது நியாயமா? இவற்றை வீண்பேச்சு என்று ஒதுக்குவோர் நம்மில் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு மனிதன் உண்மையாகத் திரும்புவது எப்போது என்பது நம் மார்க்கக் கல்வியின் நடுவிலேயே இருக்கும் கேள்வி. இளைஞர்கள் அதனைக் கதை வாயிலாகக் கேட்பதால் மட்டும் அது சிறிய கேள்வியாகிவிடாது.

இவ்விரு வழக்குகளும் ஒன்றாகவே எழுந்த ஒரு தொடர் உண்டு. அது 1993 முதல் 1999 வரை அமெரிக்காவில் 7 பருவங்களாக ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’. பஜோர் என்னும் கோளைக் கார்டேசியர்கள் சுமார் அரை நூற்றாண்டு ஆக்கிரமித்து, அம்மக்களைக் கட்டாய உழைப்பு முகாம்களில் வதைத்துவிட்டு வெளியேறிய பின் கதை தொடங்குகிறது. ஆக்கிரமிப்புக் காலத்தில் பஜோரை ஆண்ட அதிகாரி குல் டுகாட். மார்க் அலைமோ என்ற நடிகர் அவனுக்கு இனிய பேச்சையும் கவர்ச்சியையும் தந்தார். பஜோரியப் பெண் ஒருத்திக்குத் தன்னால் பிறந்த ஸியால் என்ற மகளைக் கொல்லச் சென்றவன், மனம் மாறி அவளை அழைத்து வருகிறான். அதனால் பதவியையும் குடும்பத்தையும் இழக்கிறான். இதைக் கண்ட இரசிகர்களில் ஒரு சாரார், டுகாட் திருந்திக்கொண்டிருக்கிறான் என்றே வாதிட்டனர்.

இந்த அனுதாபம் தொடரின் தயாரிப்பாளர் ஐரா ஸ்டீவன் பேர் அவர்களை உறுத்தியது. 1998ஆம் ஆண்டு ஒளிபரப்பான ‘வால்ட்ஸ்’ என்ற பாகம் அதற்கு விடையாக அமைந்தது. ஆளரவமற்ற ஒரு கோளில் டுகாட்டும் அவனுடைய எதிரியான தளபதி சிஸ்கோவும் தனித்திருக்கிறார்கள். டுகாட் தன் வரலாற்றைத் தானே எடுத்துரைக்கிறான். முகாம்களின் உற்பத்தி இலக்கைப் பாதியாகக் குறைத்தானாம், சிறுவர் உழைப்பை ஒழித்தானாம், உணவைக் கூட்டினானாம், ஆயினும் பஜோரியர் நன்றி பாராட்டவில்லையாம். பேசப் பேச முகத்திரை கிழிகிறது. இறுதியில், அவர்கள் அனைவரையும் கொன்றிருக்க வேண்டும் என்று அவன் வாயிலிருந்தே வெளிவருகிறது.

அவன் சொன்ன நற்செயல்களின் பட்டியலைச் சற்றுக் கவனியுங்கள். அதில் தன் உபகாரங்கள் அனைத்தும் உண்டு. தன்னால் மாண்டவர்களுக்காக ஒரு துளி வருத்தம் இல்லை. ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தவ்பாவின் நிபந்தனைகளைத் தொகுத்துள்ளார்கள். பாவத்தை விட்டு விலகுதல், செய்ததற்காக வருந்துதல், இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றோடு, பாவம் பிற மனிதரின் உரிமையைச் சார்ந்ததாயின் அவ்வுரிமையை உரியவரிடம் ஒப்படைத்தல் நான்காவதாகும். டுகாட்டிடம் இந்நான்கில் ஒன்றேனும் உண்டா? மகள் மீது கொண்ட பாசம் உண்மையானதே. ஆனால் பாசம் வேறு, திருந்துதல் வேறு. தன் பிள்ளையை நேசிக்காத கொடுங்கோலன் அரிது.

இதே தொடரில் பஜோரின் தலைமை மதகுரு வின் அடைவதும் கவனிக்கத்தக்கது. தாம் வழிதவறியதை உணர்ந்து, விடுதலைப் போராளியாயிருந்த கீராவிடம் வின் வழி கேட்கிறார். பதவியைத் துறக்க வேண்டும் என்கிறார் கீரா. அக்கணமே வின்னின் மனம் பின்வாங்குகிறது. மன்னிப்பு வேண்டும், ஆனால் நாற்காலியும் வேண்டும்! தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்று, பின் நூறாவது கொலையும் செய்த மனிதரைப் பற்றிய ஹதீஸை நாம் அறிவோம். அவருக்கு வழிகாட்டிய அறிஞர், தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது என்றதோடு நிறுத்தவில்லை. அந்தத் தீய ஊரை விட்டுப் புறப்படும்படியும் கூறினார். புறப்படாத தவ்பா வெறும் ஆசையே.

இனி டமார் என்பவனைப் பார்ப்போம். இவன் டுகாட்டின் உதவியாளன். துரோகி எனக் கூறி ஸியாலைச் சுட்டுக் கொன்றவனும் இவனே. பின்னர் டொமினியன் என்ற பேரரசின் கைப்பாவையாகக் கார்டேசியாவை ஆள்கிறான். மதுவில் மூழ்குகிறான். கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைச் சகியாமல் மதுவை அதன்மீதே வீசுகிறான். ஒருநாள் டொமினியனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுகிறான். பழிவாங்கும் முகமாக அவனுடைய மனைவியும் மகனும் கொல்லப்படுகிறார்கள். குற்றமற்ற பெண்களையும் குழந்தைகளையும் கொல்லும் அரசு எத்தகைய அரசு என்று அவன் புலம்பும்போது, கீரா அதே கேள்வியை அவனிடமே திருப்பிக் கேட்கிறார். டமாரிடம் பதில் இல்லை. பஜோரில் தன் இனத்தார் செய்தது என்ன என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. பழைய கார்டேசியாவைத் திரும்பக் கொண்டுவரத் துடிக்கும் தன் நண்பன், கீராவின் கூட்டத்தார் மீது ஆயுதம் நீட்டும்போது, டமார் நண்பனையே சுட்டு வீழ்த்துகிறான். அவன் புறப்பட்டுவிட்டான்.

டமாரின் மாற்றம் விரைவானது என்று குறை கூறும் இரசிகர்கள் உண்டு. அக்குறையை நான் ஏற்கவில்லை. மதுவும், கண்ணாடியும், பதிலற்ற மௌனமும் அம்மாற்றத்திற்கு முன்பே வழி அமைத்துவிட்டன. எனினும் ஒன்றை மறைக்க இயலாது. ஸியாலைக் கொன்றதற்காக அவன் வாய்திறந்து மன்னிப்புக் கேட்கும் காட்சி தொடரில் இல்லை. நான்காவது நிபந்தனை நிறைவேறாமலே அவன் போரில் இறக்கிறான். ஆகவே டமார் திருந்தினான் என்போர் கூற்றும் சரி, கணக்கு முடியவில்லை என்போர் கூற்றும் சரி.

டுகாட்டின் முடிவைப் பற்றிய இரசிகர்களின் குறை மட்டும் முற்றிலும் நியாயமானது. இறுதியில் அவனைத் தீய ஆவிகளின் ஊழியனாக்கி, கண்கள் சிவக்க நெருப்பில் விழச் செய்துவிட்டார்கள். இது தர்க்கப் பிழை மட்டுமன்று, அறப்பிழையும் ஆகும். தன்னை நல்லவன் என்று நம்பியபடியே கொடுமை செய்த மனிதனைக் கண்டு நாம் அஞ்ச வேண்டும். ஏனெனில் அவன் நம்மைப் போன்றவன். அவனைப் பேயாக்கிவிட்டால் நாம் நிம்மதியாக உறங்கிவிடலாம்.

இன்னொரு கேள்வியும் எஞ்சுகிறது. ஒருவன் திருந்திவிட்டால் பாதிக்கப்பட்டவர் அவனை அணைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷீ, பிற்காலத்தில் இஸ்லாத்தை ஏற்று நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவருடைய இஸ்லாம் ஏற்கப்பட்டது. ஆனால் தம் கண்ணெதிரே வராதிருக்க இயலுமா என்று நபியவர்கள் அவரிடம் கேட்டார்கள். வஹ்ஷீ (ரலி) அதற்காக மனம் கசந்து திரும்பிப் போய்விடவில்லை. பின்னர், ஹம்ஸாவைக் கொன்றதற்கு ஈடாகட்டும் என்ற எண்ணத்துடன், பொய்த் தூதன் முஸைலிமாவுக்கு எதிரான போருக்குச் சென்று தம் ஈட்டியை எறிந்தார். மன்னிப்பின் வாசலும் திறந்திருந்தது. புண்பட்ட உள்ளத்தின் வலிக்கும் இடம் இருந்தது. கீராவும் டமாரோடு தோளோடு தோள் நின்று போரிடுகிறார். அதற்காக அவனைத் தோழனாகக் கொண்டாட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

நம் வீடுகளில் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம். சகோதரியின் வாரிசுப் பங்கை விழுங்கியவர் ஹஜ் முடித்துத் திரும்புகிறார். ‘அவர்தான் மாறிவிட்டாரே, இன்னும் என்ன மனத்தாங்கல்?’ என்று அந்தச் சகோதரியைத்தான் எல்லோரும் கண்டிக்கிறோம். பங்கு திரும்பி வந்ததா என்று ஒருவரும் கேட்பதில்லை. அவருடைய தாடியும் தானமும் இன்சொல்லும் நமக்குப் போதுமானவையாகிவிடுகின்றன. டுகாட்டின் பட்டியலும் அத்தகையதே.

ஆகவே பிள்ளைகள் ஒரு வில்லனின் மீட்சியைப் பற்றி வாதிடும்போது அதட்டி நிறுத்தாதீர்கள். அருகில் அமர்ந்து, அவன் வருந்தினானா, விலகினானா, பறித்ததைத் திருப்பிக் கொடுத்தானா என்று கேளுங்கள். கதையில் கேட்கப் பழகியவர்கள் நாளை வீட்டிலும் கேட்பார்கள். ஒருநாள் தம்மிடமே கேட்டுக்கொள்வார்கள்.

வருந்தித் திரும்புவோராகவும், பிறர் உரிமையை உரியவரிடம் சேர்ப்போராகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.