மரம் இறக்கும் கயிறு: ‘2 டன் தாங்கும்’ என்றால் நம்பலாமா?

2024 ஜூன் 21 அன்று திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தன. தேர் நகரத் தாமதமானது. வடத்தின் தரம் பற்றி ஊரெல்லாம் பேச்சு எழுந்தது. பல்லாயிரம் பேர் கண்முன் அறுந்ததால் அது செய்தியானது. சோழவந்தான் பக்கத்துத் தோப்பு ஒன்றில் மரம் வெட்டுபவரின் தலைக்கு மேல் கயிறு அறுந்தால், அந்தத் தெருவுக்கு மட்டும்தான் தெரியும்.

மதுரையைச் சுற்றியுள்ள தோப்புகளுக்கு நடுவே வீடுகள் வந்துவிட்டன. முன்பு காய்ப்பு ஓய்ந்த தென்னையை ஒரு பக்கமாகச் சாய்க்க இடம் இருந்தது. இப்போது ஒரு பக்கம் ஓட்டு வீடு, மறுபக்கம் மின்கம்பி. நகருக்குள் இருக்கும் பழைய வேம்புக்கும் புளிக்கும் அதே கதிதான். அதனால் மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கப்பி வழியே கயிற்றில் இறக்குகிறார்கள். அறுக்கும் பவர் சாவுக்குப் பல ஆயிரம் செலவழிப்பவர்கள், கயிறு என்று வந்தால் கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்குகிறார்கள்.

இதில் எவ்வளவு பாரம் வருகிறது என்று பார்ப்போம். 3 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள பச்சைக் கட்டை ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். அது அசையாமல் தொங்கினால் 200 கிலோதான். ஆனால் கட்டை, கப்பிக்கு மேலே அறுக்கப்பட்டு, நாலைந்து அடி விழுந்த பிறகுதான் கயிறு விறைக்கிறது. அந்த வெட்டில் பாரம் ஐந்து மடங்காவது சாதாரணம். அதாவது 1,000 கிலோ. கீழே கயிற்றைப் பிடிப்பவர் சற்று விட்டுப் பிடித்தால் குறையும்; மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டால் கூடும்.

பலரும் கவனிக்காத இடம் கப்பி. கட்டையைத் தாங்கும் கயிறு கப்பியின் ஒரு பக்கம் இழுக்கிறது. கீழே பிடித்திருக்கும் முனை மறுபக்கம் இழுக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தாங்குவது, கப்பியை மரத்தோடு பிணைத்திருக்கும் சிறு கண்ணிக் கயிறு. ஆக, 200 கிலோ கட்டைக்கு அந்தக் கண்ணியில் 2,000 கிலோ வரை வரலாம். பெரிய கயிற்றைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, கண்ணிக்கு மிச்சக் கயிற்றை வெட்டிக் கட்டுவது தலைகீழான சிக்கனம்.

12 மி.மீ. பாலிப்ரோப்பிலீன் கயிறு, தரமானதாகவும் புதிதாகவும் இருந்தால், ஏறத்தாழ 2 டன்னில் அறும். கடைக்காரர் சொல்லும் ‘2 டன்’ இதுதான். அது அறும் அளவு, தூக்கும் அளவு அல்ல. முடிச்சுப் போட்டால் அதிலும் பாதிக்கு அருகே போய்விடும், ஏனென்றால் முடிச்சின் வளைவில் வெளிப்புற நார்கள் மட்டும் இழுபட்டு முதலில் அறுகின்றன. முடிச்சுக்குப் பதிலாகக் கயிற்றின் மூன்று புரிகளையும் பிரித்து, கயிற்றின் உடலுக்குள்ளேயே மாற்றி மாற்றிச் செருகிக் கண்ணி பின்னினால் பத்தில் ஒன்பது பங்கு பலம் மிஞ்சும். கப்பல்காரர்களும் கிரேன்காரர்களும் ‘ஸ்பிளைஸ்’ என்பது இதைத்தான். தேங்காய் நார், மணிலா போன்ற சொரசொரப்பான கயிறுகளுக்கு மூன்று சுற்றுச் செருகல் போதும். வழுவழுப்பான பிளாஸ்டிக் கயிற்றுக்கு நான்கைந்து சுற்றாவது வேண்டும். குறைந்தால் கயிறு அறாது, உருவிக்கொண்டு வரும்.

ஆகவே சோதிக்க வேண்டியது கயிற்றை அல்ல, பின்னி முடித்த கண்ணியை. நம்மூரில் சிலர் டிராக்டரில் கட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். எவ்வளவு பாரத்தில் அறுந்தது என்று தெரியாது. அதோடு நைலான் போல நன்றாக நீளும் கயிறு அறும்போது சாட்டையாகத் திரும்பி வந்து கண்ணையோ கையையோ பறித்துவிடும்.

சரியான வழி, இழுவிசை அளக்கும் யூ.டி.எம். இயந்திரம். பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் இது உண்டு. பிளாஸ்டிக் பொருட்களுக்கான மத்திய அரசு நிறுவனமான சிபெட்டின் மையம் மதுரையிலேயே இருக்கிறது. கோவையில் சிட்ரா இருக்கிறது. போகும் முன், கயிற்றுக் கண்ணியை மாட்டி இழுக்க வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கயிறு நீளும் அளவுக்கு எல்லா இயந்திரமும் நகராது. தனி ஆளுக்கு இது அலைச்சல். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று தன் உறுப்பினர்களுக்காகச் செய்யலாம்.

ஒரே சுருளில், ஒரே ஆள் பின்னிய ஐந்து கண்ணிகளைக் கொடுங்கள். ஒன்றை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைய முடியாது. வரும் ஐந்து எண்களில் சராசரியை விடுங்கள். இருப்பதிலேயே குறைந்த எண்ணைப் பத்தால் வகுத்து, அதையே தூக்கும் அளவாக வையுங்கள். 1,800 வந்தால் 180 கிலோ. எங்கே அறுந்தது என்பதையும் பாருங்கள். செருகல் முடியும் இடத்தில் அறுந்திருந்தால் பின்னல் நல்ல பின்னல். கண்ணியின் வளைவில் அறுந்திருந்தால், மாட்டிய கம்பி மெலிந்தது. உருவியிருந்தால், பின்னியவர் மறுபடி பழக வேண்டும்.

வாங்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். 12 மி.மீ. பாலிப்ரோப்பிலீன் கயிறு 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை கிலோ இருக்க வேண்டும். தராசில் ஐந்து கிலோதான் நின்றால், பருமன் கண்ணுக்கு மட்டும்தான்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியை நடத்துகிறது. மரம் ஏறுபவர்களுக்குக் காப்பீடும் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அது ஏறிக் காய் பறிப்பவரை மனதில் வைத்தது. மரத்தையே துண்டாக்கி இறக்குபவருக்கு வேண்டிய கயிற்றுப் பாடத்தை அதே பயிற்சியில் ஒரு நாள் சேர்ப்பதில் என்ன சிரமம்?

நம் வெயிலையும் கணக்கில் எடுங்கள். பாலிப்ரோப்பிலீன் வெயிலில் நொறுங்கும் பொருள். தோப்பில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த கயிற்றைத் தேய்த்தால் கையில் தூளாக ஒட்டும். அதில் கண்ணி பின்ன வேண்டாம். கழித்த கயிற்றை அப்போதே மூன்று நான்கு துண்டாக வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால், அடுத்த மாதம் யாராவது அதைத் தோளில் போட்டுக்கொண்டு மரம் ஏறிவிடுவார்.