வர்ணம் பூசிய பிணங்கள்

ரயில்வே ஆபீசு வாசல்களிலே பழைய நீராவி எஞ்சின்களுக்குக் கறுப்பு வர்ணம் பூசி நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அவற்றைப் பார்த்தால் எனக்குப் பெருமை வருவதில்லை; எரிச்சல்தான் வருகிறது. உள்ளே நெருப்பில்லை, தண்ணீரில்லை. வர்ணத்துக்கு அடியில் துரு தின்றுகொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்! பிணத்துக்குப் பவுடர் போடுகிற காரியம் இது.

ஓடச் செய்ய முடியாது என்கிறீர்களா? 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின், ஜமால்பூரிலும் ஹௌராவிலும் எத்தனையோ காலம் காட்சிப் பொருளாகக் கிடந்தது. பெரம்பூர் தொழிற்சாலைக்காரர்கள், இல்லாத பாகங்களைத் தாங்களே வார்த்தும் கடைந்தும் பூட்டி, 2010 ஆகஸ்டு 15 அன்று சென்னையில் அதை ஓட்டிக் காட்டினார்கள். பொன்மலைக்காரர்களோ நீலகிரியின் பல்சக்கரப் பாதைக்கு நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே செய்து அனுப்பினார்கள். இந்த இருபத்தோராம் நூற்றாண்டில் ஐயா!

ஆனால் அவர்களெல்லாம் சம்பளக்காரர்கள். ரிடையராகிற அன்று மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கையிலிருக்கிற வித்தையும் கூடவே போய்விடுகிறது. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்றொரு சின்ன ரயில், 1865 முதல் பலகைக்கல் சுமந்தது, மூடப்படும் நிலைக்கு வந்தது. வேறு வேறு உத்தியோகம் பார்த்தவர்கள் சங்கம் கூடி, 1951 முதல் லீவு நாட்களில் கரி அள்ளிப் போட்டு, போல்ட்டு முடுக்கி, அதை ஓட்டினார்கள். உலகத்திலேயே தொண்டர்கள் காப்பாற்றிய முதல் ரயில் அது. இன்றும் ஓடுகிறது.

நமக்கு அப்படிப்பட்ட ஆட்கள் இல்லையா? ஓசூருக்குப் போய்ப் பாருங்கள். லாரியும் கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் செய்கிற ஊர். இரும்பை விரலால் தடவியே, "இன்னும் மயிரிழை எடுக்கணும்" என்று சொல்லக்கூடிய டர்னர்களும் பிட்டர்களும், ஓய்வு பெற்று, பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு குறும்பாதை எஞ்சினையும் ஒரு கொட்டகையையும் கொடுக்க ஏன் மனம் வரவில்லை?

"ரயிலே இல்லாத கிருஷ்ணகிரிச் சீமையில் ரயில் மியூசியமா?" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். இல்லாமலா இருந்தது! 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலத்தில் தண்டவாளம் போட்டார்கள். 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரி; அதுவே 1913இல் ஓசூர் வரை நீண்டது. பஞ்சம் அடித்த பூமிக்குத் தானியம் வரவேண்டும் என்று போட்ட பாதைகள். 1936இல் ஒன்றையும் 1941இல் மற்றொன்றையும் மூடினார்கள். ஓசூருக்குப் பிற்பாடு வேறு ரயில் வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராகியும் ஸ்டேஷன் இல்லாமல் நிற்கிறது. ஒரு காலத்தில் இருந்ததைத் திருப்பிக் கேட்கிறோம் என்ற நினைவே அந்த ஊருக்கு இல்லாததால், சலுகை கேட்கிறவர்களைப் போல மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு எஞ்சின் அங்கே புகை விட்டால் அந்த நினைவு வராதா?

"பாய்லர் வெடித்தால்?" என்பது அதிகாரிகளின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பாய்லரில் முதலில் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதிப்பார்கள். அதிலே தேறாததில் எந்தப் பிட்டரும் நெருப்பு மூட்டமாட்டான். கையெழுத்துப் போடத்தான் இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்களே; வரச் சொல்லுங்கள்.