கையில் 16 இருந்தால் என்ன செய்வது? பிளாக்ஜாக் சொல்லும் கணக்கு

பிளாக்ஜாக் ஆடுபவர்களுக்குப் பிடிக்காத எண் 16. இன்னொரு சீட்டு கேட்டால் 21-ஐத் தாண்டிவிடுமோ என்று பயம். கேட்காமல் நின்றால் டீலர் ஜெயித்துவிடுவாரோ என்று பயம்.

இந்தக் குழப்பத்துக்குக் கணக்குப் போட்டு விடை தேடினார்கள் அமெரிக்க ராணுவத்தில் இருந்த 4 பேர். ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மெய்சல், ஜேம்ஸ் மெக்டெர்மாட். மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீன் ராணுவத் தளத்தில் பணியாற்றியவர்கள். மேசை கால்குலேட்டரை மட்டுமே வைத்துப் போட்ட அந்தக் கணக்கு, 1956-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியானது. இன்று ‘அடிப்படை உத்தி’ என்று சொல்லப்படுவதன் தொடக்கம் அதுதான்.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். 2 முதல் 10 வரை சீட்டில் உள்ள எண்தான் மதிப்பு. ஜாக், குயின், கிங் மூன்றுக்கும் 10. ஏஸ் 1 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம். உங்களுக்கு 2 சீட்டு, டீலருக்கு 2 சீட்டு. டீலரின் சீட்டில் ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியும். 21-ஐத் தாண்டாமல் அவரைவிட அதிகம் வைத்திருந்தால் வெற்றி. டீலர் 16 வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும். 17 வந்தால் நிறுத்த வேண்டும்.

ஏஸ் இல்லாத கை: 11 அல்லது அதற்குக் கீழே என்றால் பயமில்லாமல் எடுக்கலாம். 17-க்கு மேல் நிறுத்திவிட வேண்டும். 12 முதல் 16 வரைதான் சிக்கல். டீலர் காட்டும் சீட்டு 2 முதல் 6 வரை என்றால் நில்லுங்கள். அவரே 21-ஐத் தாண்ட நல்ல வாய்ப்பு உண்டு; 6 காட்டினால் அது சுமார் 42 சதவிகிதம். (12 வைத்திருக்கும்போது டீலர் 2 அல்லது 3 காட்டினால் மட்டும் எடுக்க வேண்டும்.) அவர் 7 அல்லது அதற்கு மேல் காட்டினால் எடுங்கள்.

ஏஸை 11 ஆக எண்ணும் கை: ஒரு சீட்டு எடுத்தால் இந்தக் கை கெடாது; தேவைப்பட்டால் ஏஸ் 1 ஆகிவிடும். ஏஸும் 6-உம் சேர்ந்தால் 17. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், 17-இல் நின்றால் டீலர் 21-ஐத் தாண்டினால் மட்டுமே வெற்றி. எனவே எடுக்க வேண்டும். ஏஸும் 7-உம் சேர்ந்த 18-இலும், டீலர் 9, 10, ஏஸ் காட்டினால் எடுப்பதே சரி.

ஜோடிக் கை: 2 ஏஸ், 2 எட்டு வந்தால் எப்போதும் பிரித்து, 2 கைகளாக ஆட வேண்டும். 2 பத்து, 2 ஐந்து வந்தால் பிரிக்கவே கூடாது. 20 என்பது ஏற்கெனவே நல்ல கை.

மீண்டும் 16-க்கு வருவோம். டீலர் 10 காட்டுகிறார். அடுத்த சீட்டு 6 முதல் கிங் வரை எதுவாக இருந்தாலும் உங்கள் கதை முடிந்தது. அதாவது 13 வகைச் சீட்டுகளில் 8 வகை எதிரி. இருந்தும் எடுக்கச் சொல்கிறது கணக்கு. நின்றாலும் தோல்விதான் அதிகம்; எடுத்தால் மயிரிழை குறைவாக இழப்பீர்கள்.

இந்த உத்தியின் சாரமே இதுதான்: எவ்வளவு குறைவாக இழக்கலாம்? காரணம், முதலில் ஆடுவது நீங்கள். 21-ஐத் தாண்டினால் உடனே பணம் போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது.

எல்லா முடிவையும் சரியாக எடுத்தாலும், நல்ல விதிகள் உள்ள மேசையில் கேசினோவுக்குச் சுமார் 0.5 சதவிகித லாபம் நிற்கும். ஆட்டத்துக்கு 10 டாலர் என மணிக்கு 60 ஆட்டம் ஆடினால் சராசரியாக 3 டாலர் இழப்பு. முதல் 2 சீட்டிலேயே 21 வருவதுதான் ‘பிளாக்ஜாக்’. அதற்கு 10 டாலருக்கு 15 டாலர் தருவது பழைய வழக்கம். லாஸ் வேகாஸின் பல மேசைகளில் இப்போது 12 டாலர்தான். இந்த ஒரு மாற்றத்தால் அதே 3 டாலர் இழப்பு ஏறக்குறைய 11 டாலர் ஆகிவிடுகிறது.

‘இந்த அட்டவணையை மனப்பாடம் செய்தால் தினமும் சம்பாதிக்கலாம்’ என்று யாராவது உங்கள் போனுக்கு அனுப்பினால், இந்தக் கணக்கை அவருக்குத் திருப்பி அனுப்புங்கள். அதில் அவரால் ஒரு ரூபாய் லாபம்கூடக் காட்ட முடியாது.