சைடு ஸ்டாண்டும் ரெண்டு தையலும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஹலசூரு மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனவன், பொண்ணுக்குத் தாடையில ரெண்டு தையல் போட்டுக் கூட்டிட்டு வீடு திரும்பினேன். தங்கமணி இன்னும் முழுசா மன்னிக்கலை. அதனால இதைப் பாதி பாவமன்னிப்பு, பாதி புலம்பல்னு வெச்சுக்கோங்க.

நடந்தது இதுதான். பின்னாடி குழந்தை சீட்டுல நாலு வயசு மகாராணி, தலையில ஹெல்மெட், இடுப்புல பெல்ட்டு, எல்லாம் பக்கா. ரெண்டு பக்கமும் பை. வலது பையில வெங்காயம், தேங்காய். இடது பையில கீரை, கொத்தமல்லி. எளநீர் குடிக்கலாம்னு நிறுத்தி, சைடு ஸ்டாண்டைத் தட்டி விட்டுட்டு, பர்ஸை எடுக்கக் கையை எடுத்தேன். அவ எளநீர் சீவுறதை வேடிக்கை பார்க்க வலது பக்கம் எட்டினா. வண்டி அந்தப் பக்கமே சாஞ்சுடுச்சு.

குழந்தையை முதல்ல தூக்கினது நான் இல்லை, எளநீர்க்காரர்தான். தர்மபுரிப் பக்கத்து ஆள். துடைச்சு விட்டுட்டு என் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "கொழந்தைய வெக்கிற வண்டிக்கு இவ்ளோண்டு குச்சியா சார்?" அவரோட சைக்கிள் பக்கத்துலயே நின்னுட்டிருந்துச்சு. கேரியர்ல ரெண்டு பக்கமும் குலை குலையா எளநீர். கொஞ்சமும் அசையலை.

இதைப் பார்த்ததும் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு. எங்கப்பாவுக்குக் கோவில்பட்டி பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை. சரக்கு வர்றது டபுள் பார் ஹெர்குலஸ்ல. (1949-ல அம்பத்தூர்ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ் கம்பெனியோட வண்டி. எங்க ஊர்ல சைக்கிள்னாலே அதுதான்.) அரிசி மூட்டை, அதுக்கு மேல எண்ணெய் டின். கடை வாசல்ல வந்ததும் காலால ஸ்டாண்டை அமுக்கி, கேரியரைப் பிடிச்சு ஒரு இழு இழுப்பார். 'டொக்'னு உக்காரும். அதுக்கப்புறம் மூட்டையை அவுத்தாலும் சரி, நாங்க சீட்டுல ஏறி உக்காந்து பின்சக்கரத்தைச் சுத்திச் சுத்தி விளையாடினாலும் சரி, விழுந்ததா ஞாபகமே இல்லை. முப்பது வருஷம் கழிச்சு, அதை விடப் பல மடங்கு விலை கொடுத்து, கியர் வெச்ச வண்டி வாங்கின பையன் ஒரு எளநீர் கடை வாசல்ல கோட்டை விட்டுட்டான்.

அந்தப் பழைய ஸ்டாண்டுல மந்திரம் ஒண்ணும் இல்லை. பின்சக்கர ஆக்சில்ல ரெண்டு பக்கமும் நட்டு போட்டு முடுக்கின, வளைஞ்ச இரும்புக் கம்பி. போட்டா பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிடும். அகலமா விரிஞ்ச ரெண்டு கால், முன்னாடி ஒரு சக்கரம், ஆக மூணு இடத்துல தரையைத் தொடும். பாரம் உக்காருற கேரியர் கிட்டத்தட்ட அந்த ரெண்டு காலுக்கு நேர் மேல. வண்டியும் நிமிர்ந்தே நிக்கும். சைடு ஸ்டாண்டு அப்படி இல்லை. இடது பக்கம் சாஞ்சிருக்கிற தைரியத்துலதான் வண்டியே நிக்குது. வலது பக்கம் தாங்க ஒண்ணுமே கிடையாது. காலி வண்டிக்கு அது போதும். பாரத்தை உயரத்துல ஏத்தி, அந்தப் பாரமும் எட்டி எட்டி வேடிக்கை பார்க்கிற பாரமா இருந்தா?

அடுத்த வாரமே "ஒரு நல்ல ஸ்டாண்டு மாட்டுங்க"ன்னு வண்டியைத் தள்ளிட்டு ஹலசூருல ஒரு பழைய மெக்கானிக் கிட்ட போனேன். பெரியவர் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார். பின்சக்கரம் நட்டு போட்ட ஆக்சில் இல்லை, நெம்புகோலைத் திருப்பினா கழண்டு வர்ற வகை. ஒரு பக்கம் கியர் மாத்துற கை, மறு பக்கம் டிஸ்க் பிரேக். பழைய ஸ்டாண்டு உக்கார இடமே இல்லை. சரி, பெடலுக்குப் பின்னாடி நடுவுல மாட்டுற ரெட்டைக் கால் ஸ்டாண்டு? "அதுக்கு அங்க ஒரு தகடு வேணும் சாமி, இதுல இல்லை. சும்மா கிளாம்ப் போட்டு இறுக்கினா அலுமினியக் குழாய் நசுங்கிடும்." அப்படியே மாட்டினாலும் பின்பாரம் அதிகமானா முன்சக்கரம் அந்தரத்துல தொங்கி ஒரு பக்கமாத் திரும்பிக்கும்னும் சொன்னார். பின்பக்கக் குழாயில போல்ட்டு போடுற கனமான சைடு ஸ்டாண்டு கிடைக்குது. அதுக்கும் ஃபிரேம்ல 18 மி.மீ. இல்லேன்னா 40 மி.மீ. இடைவெளியில ரெண்டு துளை இருக்கணும். என் வண்டியில அதுவும் இல்லை.

அதாவது, ஸ்டாண்டு அப்புறமா வாங்கி மாட்டுற சமாச்சாரம் இல்லை. ஃபிரேமை வாங்குற அன்னிக்கே அது முடிவாயிடுது. கடையில எத்தனை கியர், எந்த பிரேக், முன்னாடி சஸ்பென்ஷன் உண்டான்னு அரை மணி நேரம் கேட்டவன் நான். குழந்தை சீட்டையும் அங்கேயேதான் வாங்கினேன். இதுல பாரத்தை ஏத்தி நிறுத்தினா நிக்குமான்னு நானும் கேக்கலை, வித்தவரும் சொல்லலை. எனக்கு இதுல பாதி கோவம் என் மேல, பாதி கடை மேல.

ஜப்பான்ல இதையெல்லாம் வாங்குறவன் தலையில கட்டலை. அங்க அம்மாக்கள் ஓட்டுற சைக்கிளுக்கு மாமாச்சாரின்னு பேரு (கும்பகோணத்துக்காரர் பேரு மாதிரியே இல்லை? :-)). அதுல இருக்கிறதும் எங்கப்பா ஸ்டாண்டோட தம்பிதான், பின் ஆக்சில்ல ரெட்டைக் கால். சில மாடல்ல ஸ்டாண்டைப் போட்டதும் ஹேண்டில்பாரும் திரும்பாம இறுகிக்குது. 2009 ஜூலையில, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு சின்னக் குழந்தைகளை ஏத்தலாம்னு விதியைத் தளர்த்தினப்ப, அதுக்கான சைக்கிளுக்கு நிபந்தனைகளும் வெச்சாங்க. பிரேக்கு, ஃபிரேமோட பலம் இதோட சேர்த்து, நிறுத்தும்போது கவிழாம நிக்கணும்ங்கிறதும் அதுல ஒண்ணு.

நம்ம ஆபீஸ் சைக்கிள் கோஷ்டி கிட்ட ஸ்டாண்டுன்னு சொன்னாலே சிரிக்கிறாங்க. "எக்ஸ்ட்ரா வெயிட்டு பாஸ்"ங்கிறாங்க. நந்தி ஹில்ஸ் ஏறுறவங்களுக்கு அது நியாயம். 15 கிலோ குழந்தையும் 12 கிலோ காய்கறியும் ஏத்துறவனுக்கு ஸ்டாண்டோட எடை ஒரு எடையா?

என்ன ஸ்டாண்டு போட்டாலும் குழந்தை சீட்டுல இருக்கிற வரைக்கும் ஒரு கை வண்டியில இருக்கணும். இதை சீட்டோட வந்த புத்தகத்துலயே போட்டிருந்தாங்க, படிச்சது தையலுக்கு அப்புறம். இறக்கும்போது குழந்தை முதல்ல, பை அப்புறம். இன்னொண்ணு, பெங்களூரு ரோடு மேடும் பள்ளமும். பழைய ஸ்டாண்டு வண்டியை முன்னாடி தள்ளினா தானா மடங்கிடும், அதனால சரிவுல மூஞ்சி மேட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தணும். எளநீர்க்காரர் பழைய டியூபைக் கிழிச்சு பிரேக்கைக் கட்டி வெச்சிருந்தார். நானும் ஒரு துண்டு வாங்கிட்டு வந்தேன். மழை நாள்ல ஸ்டாண்டு சேத்துல இறங்காம இருக்க அடியில ஒரு பலகைத் துண்டு.

கடைசியில அந்தப் பெரியவர் மூலமாவே ஒரு பழைய ஹெர்குலஸ் வாங்கிட்டேன். கேரியரும் ஸ்டாண்டும் புதுசு, மிச்சமெல்லாம் என் வயசு. கியர் வண்டி இப்ப பால்கனியில துணி காயப்போட உதவுது. புது வண்டியில கியர் கிடையாது, அதனால மார்க்கெட்லேர்ந்து வர்றப்ப மேட்டுல இறங்கித் தள்ளிட்டுதான் வர்றேன். மகாராணி சீட்டுல உக்காந்துக்கிட்டு "அப்பா, வேகமா!"ங்கிறா.