ஆய் போகும் மரக்கட்டை

கிறிஸ்துமஸ் என்றால் வெள்ளைத் தாடியும் சிவப்பு அங்கியும் போட்ட தாத்தாதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில் உள்ள கட்டலோனியாவில் அந்த வேலையை ஒரு மரக்கட்டை பார்க்கிறது! அதன் பெயர் 'தியோ'. ஒரு முனையில் கண்ணும் சிரிக்கும் வாயும் வரைந்திருக்கும், முன்னால் இரண்டு குச்சிக் கால்கள், தலையில் அந்த ஊர் விவசாயிகள் போடும் சிவப்புக் குல்லாய். குளிராமல் இருக்க முதுகில் ஒரு போர்வை.

டிசம்பர் 8, மாதா திருநாளை ஒட்டி தியோ வீட்டுக்குள் வரும். அன்றிலிருந்து ராத்திரிதோறும் குழந்தைகள் அதற்கு ஆரஞ்சுத் தோல், ரொட்டித் துண்டு என்று ஏதாவது சாப்பிடக் கொடுப்பார்கள். காலையில் பார்த்தால் தட்டு காலி (அப்பா அம்மா உபயம்). கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவிலோ மறுநாளோ அதே குழந்தைகள் கையில் தடியோடு வந்து, ஆய் போகச் சொல்லிப் பாடிக்கொண்டே கட்டையை வெளுத்து வாங்குவார்கள். நடுவில் அவர்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, பெரியவர்கள் போர்வைக்கடியில் வைக்க வேண்டியதை வைத்துவிடுவார்கள். திரும்பி வந்து போர்வையைத் தூக்கினால் பாதாமும் தேனும் சேர்த்த துர்ரோன் மிட்டாய், சாக்லேட், உலர்பழம். எல்லாம் தீர்ந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் ஒரு பூண்டோ, வெங்காயமோ, உப்பு மீனோ வந்து விழும்.

வெளியூர்க்காரர்கள் அந்த ஆய் சமாச்சாரத்துக்குச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டலான் குடிலில் இயேசு பாலனுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மறைவில் கால்சட்டையை இறக்கிக் குந்தியிருக்கும் 'ககனேர்' பொம்மையைப் பார்த்தால் சிரிப்பு இன்னும் கூடும். ஆனால் 2005-ல் பார்சலோனா மாநகராட்சி தன் குடிலில் அந்தப் பொம்மையை வைக்காமல் விட்டபோது ஊரே கொதித்தது. பொது இடத்தில் அசுத்தம் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறோமே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2006-ல் ககனேர் திரும்பி வந்துவிட்டது. உழுது பிழைத்த சனங்களுக்கு எரு கேலிப்பொருள் இல்லை, அடுத்த வருஷ விளைச்சல்.

இப்போது தியோவுக்கு வந்திருக்கும் ஆபத்து வேறு மாதிரி. கட்டலான் வழக்கப்படி பெரிய பரிசு கொண்டுவருவது ஜனவரி 6-ல் வரும் மூன்று ராஜாக்கள். முந்தின நாள் மாலை ஊர்வலமாக வரும் அவர்களுடைய ஒட்டகங்களுக்குக்கூடக் குழந்தைகள் வாசலில் தண்ணீர் வைப்பார்கள். தியோவின் பங்கு, எல்லோரும் பகிர்ந்து தின்னும் சின்னச் சின்ன பண்டங்கள் மட்டும்தான். ஆனால் இன்று பல வீடுகளில் போர்வை பெரிதாகிவிட்டது. அதற்குள் விலையுயர்ந்த விளையாட்டுச் சாமான்கள், பேர் எழுதிய பெட்டிகள். போதாக்குறைக்கு வெள்ளைத் தாடித் தாத்தாவும் வேறு வீட்டில் நுழைகிறார். இரண்டு வாரத்துக்குள் மூன்று இடத்திலிருந்து பரிசு!

பெற்றோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ராஜாக்கள் வந்து போனதும் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பொம்மையை வைத்து எப்போது விளையாடுவது? அப்படியானால் அதை நேராகவே கையில் கொடுத்துவிடலாமே. கட்டையின் மேல் ஏன் அந்தச் சுமை?

பதினைந்து நாளுக்கும் மேலாக ஒரு கட்டைக்குச் சோறு போட்டு, போர்த்திவிட்டு, குளிருகிறதா என்று தொட்டுப் பார்த்த குழந்தைக்கு, தான் கொடுத்த ரொட்டித் துண்டுதான் மிட்டாயாகத் திரும்புகிறது. தாத்தாவிடம் இந்தக் கணக்கு கிடையாது. அவருக்குக் கடிதம் எழுதினால் போதும். ஆரஞ்சுத் தோல் தின்ற கட்டை விலையுயர்ந்த பொம்மையைப் போட்டால் ஐந்து வயதுக் குழந்தைகூட யோசிக்காதா?

அந்த ஊர்ச் சமையலும் தியோவின் கட்சிதான். கிறிஸ்துமஸ் அன்று 'எஸ்குதேயா' என்று இறைச்சியும் காய்கறியும் போட்டு ஒரு பெரிய பானை சூப் கொதிக்கும். மீந்த இறைச்சியை வீணாக்காமல் அரைத்து, மாவுச் சுருளுக்குள் அடைத்து, மேலே வெள்ளைச் சாஸ் ஊற்றிச் சுட்டால் மறுநாள் 26-ந்தேதி, சான்ட் எஸ்தேவே திருநாளுக்கு 'கானலோன்ஸ்' தயார். நிறையப் பேருக்கு முதல் நாள் விருந்தைவிட இந்த மிச்சத்தின் மேல்தான் ஆசை அதிகம்.